அளவு தப்பியது துணி

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்ற எவளுக்கும் ஒன்று தெரியும்: அளவு தப்பினால் குற்றவாளி துணிதான். நானும் நின்றிருக்கிறேன். அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே டேப்பை வைப்போம். சார்ட்டில் உள்ள மார்பளவுக்கு அரை இஞ்ச் கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் பீஸை ஒதுக்கிவிடுவோம்.

அதே துணி கடைக்குப் போனதும் நியாயம் தலைகீழாகிறது. தோள் தொங்கி இடுப்பு பிடித்தால், "உங்களுக்கு வயிறு கொஞ்சம் ஜாஸ்திக்கா" என்கிறார்கள். பத்திரிகை அழகுக்குறிப்பும் இதையே மரியாதையாகச் சொல்லும்: நெடுக்குக் கோடு போட்டது உடுத்துங்கள், அடர்நிறம் எடுங்கள், பெரிய பூ வேண்டாம். 'உடல்வாகுக்கு ஏற்ற உடை'யாம். உடல்வாகுக்கு ஏற்றபடி தைப்பது யார் வேலை?

டபுள் எக்ஸ்எல் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பெரும்பாலும் மீடியம் போன்ற ஒரு சைஸை ஓர் உடம்பில் போட்டுச் சரிபார்ப்பார்கள். மற்றதெல்லாம் கூட்டல் கணக்கு. மார்புக்கு ரெண்டு இஞ்ச், தோளுக்கு இவ்வளவு, நீளத்துக்கு இவ்வளவு. கிரேடிங் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு பெருத்தால் தோளும் சேர்ந்தா அகலமாகிறது?

அந்த முதல் உடம்பாவது யாருடையது? 1939-40ல் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் எடுத்தது. வெள்ளையரல்லாத பெண்களையும் அளந்தார்கள். கணக்குப் போடும்போது அவர்களை நீக்கிவிட்டார்கள். 1958ல் அந்நாடு வெளியிட்ட பெண்கள் உடை அளவுத் தரம் இந்தக் கணக்கின்மேல் எழுந்ததுதான். 1983ல் அதையும் கைவிட்டார்கள். இப்போது ஆளுக்கொரு பிராண்ட், பிராண்டுக்கொரு சார்ட்.

நம் நாடு நம்மை அளக்கப் புறப்பட்டதே அண்மையில்தான். நிஃப்ட் அறிவித்த 'இந்தியா சைஸ்' திட்டத்தில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேர், ஆறு நகரங்கள்: கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். திருப்பூரை விடுங்கள், தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை.

இந்த லட்சணத்தில்தான், நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற இருபது வயதுப் பிள்ளைகள் மீடியத்துக்குள் நுழைய மதியச் சோற்றைப் பாதியில் மூடிவைக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது நாம் இப்படியா இருக்கிறோம்? அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து, "உள்ளே துணி விட்டுத் தைங்கண்ணா" என்போம். பிடித்தால் டெய்லரைத்தான் திட்டுவோம். அவரும் பிரித்துத் தருவார். பனியனில் அந்த உள்துணிக்கு இடமில்லை. ஓவர்லாக் மெஷினின் கத்தி தைக்கும்போதே ஓரத்தை வெட்டித் தள்ளிவிடும்.

சரி, துணி விட வேண்டாம். 'எக்ஸ்எல்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மார்பு, இடுப்பு, தோள் எத்தனை இஞ்ச் என்றாவது லேபிளில் அச்சடியுங்கள். புதிதாக யாரும் அளக்க வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் எங்கள் முன்னால் ஒட்டியிருக்கும் சார்ட்டிலேயே அந்த எண்கள் இருக்கின்றன.