"ஒரு லெட்டர் மட்டும் குடுங்க, மேடம்"

ஐப்பசி பிறந்தால் எங்கள் பள்ளிக்கு இசைக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். திருச்சியில், ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி எங்களுடையது. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பு. வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நன்றாகப் பாடுவார்கள், வயலின் வாசிப்பார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார். "பொண்ணு மியூசிக் தெரபி எம்.ஏ.வுக்கு லண்டனுக்கு அப்ளை பண்றா மேடம். ஸ்பெஷல் சில்ட்ரன்கூட இருந்த அனுபவம் வேணுமாம். நாலு நாள் வந்து பாடட்டும். ஒரு லெட்டர் மட்டும் குடுங்க." விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். மார்கழி வந்துவிட்டால் சென்னையில் கச்சேரி வேறு இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நான் தருவதில்லை. ஒரு பள்ளி ஆண்டு, வாரத்துக்கு ஒரு நாளாவது வந்தவர்களுக்குத்தான் தருவேன். இதனால் எனக்குக் கறார்க்காரி என்று பெயர். பக்கத்திலேயே கேட்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் இடங்கள் இருப்பதும் எனக்குத் தெரியும்.

சிலர் விண்ணப்பத்தோடு அனுப்ப எழுதிய 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸை' என்னிடம் காட்டிப் பிழை பார்க்கச் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் தம்பியப்பனுடைய வயிற்று வலியில் தொடங்கும். ஜாதகத்தில் குரு சரியில்லை, தீட்சிதர் அடாணாவில் குரு பகவான்மேல் கீர்த்தனை பாடிக் கொடுத்தார், வலி தீர்ந்தது. நல்ல கதை, எத்தனை முறை சொன்னாலும் கேட்கலாம். அடுத்த பத்தியில் ராகப் பட்டியல் வரும். ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி, தூக்கத்துக்கு நீலாம்பரி. இதைப் படிக்கிற தேர்வுக் குழுவினருக்கு ஒன்றுதான் புரியும்: எழுதியவர் இன்னும் உதவி தேவைப்படும் ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்ததில்லை. எங்கள் வகுப்பில் நீலாம்பரி தொடங்கும் முன்பே காதைப் பொத்திக்கொண்டு அலறிய பிள்ளை உண்டு. சுருதிப்பெட்டியின் ரீங்காரமே அவனுக்குத் தாங்கவில்லை. பட்டியலில் அவனுக்கு என்ன ராகம்?

இந்தப் படிப்பு உண்மையில் என்ன கேட்கிறது? எங்களிடம் வருபவர்கள் அதிகம் சொல்வது பிரிட்டன் என்பதால் அதையே பார்ப்போம். ஜூலியட் ஆல்வின் என்ற செல்லோ கலைஞர் 1968-ல் லண்டனில் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் இதற்கான பயிற்சியைத் தொடங்கினார். இன்று ரோஹாம்ப்டன், கேம்பிரிட்ஜில் உள்ள ஆங்லியா ரஸ்கின் போன்ற பல்கலைக்கழகங்களிலும் முதுகலைப் படிப்பு இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு. முடித்தவர் எச்.சி.பி.சி. என்ற சட்டபூர்வமான அமைப்பில் பதிந்துகொள்ள வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் பதிவதும் அங்கேதான். பதியாமல் 'மியூசிக் தெரபிஸ்ட்' என்று போட்டுக்கொண்டால் குற்றம். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வெறும் இசைப் பட்டத்தோடு போனால், விட்டுப்போன பாடங்களை முதலில் ஈடுகட்ட வேண்டும், 1,200 மணி நேரக் களப்பயிற்சி முடிக்க வேண்டும், பிறகு வாரியத் தேர்வு.

பிரிட்டனில் சேர்க்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பாட வேண்டும், நேர்காணலும் உண்டு. இதற்கெல்லாம் நம் பிள்ளைகள் தயாராகத்தான் போகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம். குழுவில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து டிரம்மையோ பியானோவையோ மனம் போனபடி தட்டுவார், இவர் அவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். சாகித்யம் இல்லை, தாளம் இல்லை, எங்கே முடியும் என்றும் தெரியாது. மனோதர்மத்தில் ஊறிய நமக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும். ஆனால் பார்த்தவரையில், நம் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் எதிராளியை ஒரு ராகத்துக்குள் இழுத்து, ஆதி தாளத்தில் உட்கார வைத்து, கல்பனா ஸ்வரம் பாட ஆரம்பித்துவிடுவார்கள். கைதட்டல் வாங்கிப் பழகிய கை அப்படித்தான் போகும்.

இதில் தேறுகிறவர்கள் யாரென்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் அல்ல, பக்கவாத்தியக்காரர்கள். பாடகர் ஆலாபனையை எங்கே கொண்டுபோனாலும் ஒரு மூச்சு பின்னால் நிழல்போலப் போகும் வயலின்காரரைப் பாருங்கள். பாடகர் தடுமாறினால் அதைச் சபை அறியாமல் தாங்கிக்கொள்கிறார். அவர் மௌனமானால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறார். இந்தச் சிகிச்சையில் முதன்மைக் கலைஞர் எதிரில் இருக்கும் பிள்ளைதான், தெரபிஸ்ட் பக்கவாத்தியம். நம் சங்கீதத்தில் இதற்கான பயிற்சி பல தலைமுறையாக இருக்கிறது. விண்ணப்பத்தில் மட்டும் யாரும் அதை எழுதுவதில்லை, தனிக் கச்சேரிகளின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள்.

போன வருடம் மிருதங்கம் வாசிக்கும் பையன் ஒருவன் வந்தான். வாத்தியத்தை ஆபீஸ் அறையில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. முதல் மாதம் அவனுக்கு வேலை, பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிடுவது, மதியம் சாதம் பிசைந்து கொடுப்பது, மற்ற நேரத்தில் ஆயாம்மா சொல்கிற இடத்தில் உட்காருவது. எங்கள் வகுப்பில் பேச்சு வராத ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கவிழ்த்துப் போட்டு விரல் கணுவால் தட்டிக்கொண்டே இருப்பான். பிடுங்கினால் தன் தலையில் தட்டிக்கொள்வான்.

ஒரு மதியம் இந்தப் பையன் அவன் பக்கத்தில், முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து தரையில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினான். பிள்ளை தட்டிய அதே வேகம், ஓசை மட்டும் அதைவிடச் சின்னது. பிள்ளை நிறுத்தினால் இவனும் நிறுத்தினான். பிள்ளையின் கணக்கு எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை. ஏழு வரும், பிறகு ஐந்து, பிறகு நீண்ட இடைவெளி, அப்புறம் மடமடவென்று பத்துப் பன்னிரண்டு. இவனோ அரை அட்சரம் பிசகினால் குருவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன். இடது கை தொடையில் தாளம் போடத் துடித்ததை வாசற்படியிலிருந்து நான் பார்த்தேன். அதை அடக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து நான்கு தட்டித் தானாக நிறுத்தினான். பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்தான். இவன் விரல்களைப் பார்த்தான். பிறகு தரையில், இவன் கைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டு. "நான் விட்ட இடத்துல அவன் தீர்மானம் வெச்சான் மேடம்" என்று சாயங்காலம் சொன்னபோது பையனுக்குக் குரல் நடுங்கியது. பள்ளி ஆண்டு முடிந்ததும் அவனுக்குக் கடிதம் கொடுத்தேன். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு மதியம்தான்.

இந்தத் துறையின் பெரிய கிளை ஒன்று பிறந்ததும் இசைக்காரரும் சிறப்புப் பள்ளி ஆசிரியரும் ஓர் அறையில் சேர்ந்ததால்தான். 1959-ல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் சன்ஃபீல்டு என்ற பிள்ளைகள் இல்லத்துக்கு அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃப் வந்தார். அங்கே வேலை பார்த்த ஆசிரியர் கிளைவ் ராபின்ஸ். ஒருவர் பியானோவில், மற்றவர் பிள்ளையோடு. பிற்பாடு அமெரிக்காவில் அவர்களிடம் வந்த எட்வர்ட் என்ற சிறுவனின் ஒலிப்பதிவு இந்தத் துறையில் பிரசித்தம். பையன் வீரிட்டு அழுகிறான். நார்டாஃப் தாலாட்டு வாசித்துச் சமாதானப்படுத்தவில்லை. அலறலின் உக்கிரத்தோடேயே வாசிக்கிறார். போகப் போகப் பையனின் அழுகை பியானோவின் ஸ்வரங்களோடு சேர்கிறது, கிட்டத்தட்டப் பாட்டாகிறது. 1977-ல் இருவரும் எழுதிய 'கிரியேட்டிவ் மியூசிக் தெரபி' நூலில் இதைப் படிக்கலாம். விண்ணப்பத்தைத் தம்பியப்பனின் வயிற்று வலியில் தொடங்குகிறவர்களில் எத்தனை பேர் எட்வர்டைக் கேட்டிருக்கிறார்கள்?

கேட்டவர்களிடம் இன்னொன்றும் எதிர்பார்ப்பேன். 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒன்பது நாடுகளில், ஆட்டிசம் உள்ள 364 பிள்ளைகள், ஐந்து மாதச் சிகிச்சை. உடன் வாசிக்கும் இந்த மனோதர்ம முறையால், ஆட்டிச அறிகுறிகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பதே முடிவு. 2022-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு இதைவிட நம்பிக்கை தருகிறது. இரண்டையும் படித்துவிட்டு, "அப்படியும் நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதுகிற பிள்ளையை நானாக இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வேன். இசை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று எழுதுகிறவர் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் அதையே சொல்வார். அந்த அம்மாக்கள் ஏற்கெனவே எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டு, நகையை அடகு வைத்துவிட்டு வந்திருப்பவர்கள்.

பெற்றோர் திடுக்கிடும் விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனில் இந்தப் படிப்பில் சேரும் மாணவர் தானும் ஒரு மனநல சிகிச்சையாளரிடம் போய்வர வேண்டும், பெரும்பாலும் சொந்தச் செலவில். "என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று ஓர் அப்பா என்னிடமே சண்டைக்கு வந்தார். குறைச்சல் இல்லை ஐயா. அழுகிற பிள்ளையின் எதிரில் உட்காரும்போது, தன் பழைய அழுகை எது, எதிராளியின் அழுகை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பல லட்சம் கட்டணத்தோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

லண்டனுக்குப் போக முடியாதவர்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே, இசை சிகிச்சைக்கென்று ஒரு மையம் பட்டமேற்படிப்புப் பயிற்சி தருகிறது. மருத்துவமனைக்குள் இருந்துகொண்டு படிப்பது பெரிய விஷயம். இன்னொரு பக்கம், இரண்டு வார இறுதிகளில் ராகப் பட்டியலைக் கையில் கொடுத்துச் சான்றிதழ் தரும் வகுப்புகளும் நடக்கின்றன. நான் வகுப்பறையில் நிற்க 1992-ம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவு எண் வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'மியூசிக் தெரபிஸ்ட்' என்று போர்டு மாட்ட அப்படி ஓர் எண்ணைக் கேட்பாரில்லை. இப்படிக் கதவு திறந்து கிடக்கும் இடத்தில் சேர்க்கை ஒன்றுதான் சல்லடை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. இங்கே இந்தப் படிப்பை நடத்துகிற, இனி நடத்தப்போகிற நிறுவனங்கள், சேர்க்கைக்கு முன்னால் ஓர் ஆண்டுக் கள அனுபவத்தை வருகைப் பதிவோடு கேட்கட்டும். கச்சேரி வீடியோவுக்குப் பதிலாக, முன்பின் தெரியாத ஒருவரோடு பத்து நிமிடம் சேர்ந்து வாசிக்க வைத்துப் பார்க்கட்டும். "வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒரு வருடம் சும்மா வந்து எப்படி உழைப்பார்கள்?" என்று கேட்பது நியாயம்தான். சனிக்கிழமை வந்தால் போதும். எங்களிடமே வர வேண்டும் என்றும் இல்லை. ஞாபக மறதி நோய் வந்த பாட்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி வந்தாள். தன் பெயரை மறந்த பாட்டி எந்தப் பாட்டின் எந்த வரியில் கூடச் சேர்ந்துகொள்வார் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். அதுவும் கள அனுபவம்தான், நாலு நாள் வந்து வாங்கும் கடிதத்தைவிடப் பல மடங்கு உசத்தி.

சிறப்புப் பள்ளிகளை நடத்தும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்த நாட்கள் எத்தனை, வகுப்பில் என்ன செய்தார், பிள்ளைகள் அவரிடம் எப்படி இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். 'சிறந்த கலைஞர்' என்று எழுத நமக்குத் தகுதியும் இல்லை, அவசியமும் இல்லை. நான் எழுதும் கடிதங்களின் கீழே பள்ளியின் தொலைபேசி எண்ணைப் போட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிடவும் என்று குறிப்பேன். எந்தத் தேர்வுக் குழுவிலிருந்தும் இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.