மனக்கோயிலும் மருந்துப் பொடியும்

திருநின்றவூர்ப் பூசலார் நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவ்வூர் ஹிருதயாலீஸ்வரர் சந்நிதியில் இருதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயந்த மனசுக்கு ஒரு பிடிமானம் வேண்டியதுதான். என் சண்டையெல்லாம், அதே நோயாளியிடம் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' பொடியை விற்கிறவர்களோடு.

எதிர்ப்புச் சக்தி என்பது அகலில் உள்ள எண்ணெய், குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்பது இவர்கள் நினைப்பு. இரத்தக் குழாயில் நடப்பதோ வேறு. அடைப்பை நீக்கப் பலூனை ஊதி, ஸ்டென்ட் என்னும் கம்பி வலையை வைக்கிறார்கள். 1977இல் ஜூரிச்சில் குருன்ட்ஸிக் தொடங்கிவைத்த சிகிச்சையின் வளர்ச்சி இது. ஊதும்போது குழாயின் உள்தோல் கிழிகிறது. காயத்துக்குத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஓடிவருகின்றன. குப்பையை விழுங்கிப் புதுத் தோல் வளர வழிசெய்கின்றன. 1882இல் மெச்னிகாப் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திப் பார்த்தாரே, அன்று முள்ளைச் சூழ்ந்துகொண்ட அணுக்களின் இனந்தான். இவை இல்லாமல் காயம் ஆறாது.

ஆனால் வேலை முடிந்த பிறகும் கொத்தனார் போகாமல் பூசிக்கொண்டே இருந்தால் வாசல் அடைபடாதா? வெள்ளணுக்களின் தூண்டுதலால் குழாயின் தசையணுக்கள் மட்டுமீறிப் பெருகி, திறந்த வழியை மீண்டும் அடைக்கின்றன. இதைத் தடுக்க, ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து, நம் நாட்டிலிருந்து சென்ற சுரேன் சேகலும் சகாக்களும் பிரித்தெடுத்த சிரோலிமஸ் என்ற மருந்தை ஸ்டென்டின் மேல் பூசினார்கள். 1999இல் பிரேஸிலில் அதை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள். அது என்ன மருந்து தெரியுமா? மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுப்பது! பெருக்கு என்கிறார் பொடிக்காரர். அடக்கு என்கிறது நெஞ்சுக்குள் இருக்கும் கம்பி. யாரை நம்புவது?

'அப்படியானால் எதிர்ப்புச் சக்தியே வேண்டாமா?' என்று மடக்குவார்கள். வேண்டும் ஐயா, வேண்டிய இடத்தில், வேண்டிய மட்டும். அந்த அளவு பொடி டப்பாவில் எழுதியிருக்காது.

இன்னொன்று. அம்மருந்து புதுத் தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. அதுவரை வெறும் கம்பியின் மேல் இரத்தம் உறையக்கூடும். அதற்காகவே டாக்டர் மாதக்கணக்கில் மாத்திரை தருகிறார். வலி போயிற்று, பொடி இருக்கிறது என்று அதைத் தாமாக நிறுத்துகிறவர் உயிரோடு விளையாடுகிறார். பொடிக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். இந்த நிறுத்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹிருதயாலீஸ்வரரை நன்றாகக் கும்பிடுங்கள். வீடு திரும்பியதும் அன்றைய மாத்திரையை மறவாமல் விழுங்குங்கள்.