கருத்தரங்கிற்குப் பின்னும் கருத்து வாழ வேண்டும்

கூடி ஆய்வது தமிழர்க்குப் புதியதன்று. சங்கம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. 1964இல் தனிநாயக அடிகளார் முதலிய அறிஞர் பெருமக்களின் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனத் திருச்சியில் 1973ஆம் ஆண்டிலும், கீழக்கரையில் 1990ஆம் ஆண்டிலும் மாநாடுகள் நிகழ்ந்தன. இவற்றால் தமிழ் பெற்ற நலன் பெரிது.

ஆயினும், இன்றைய கருத்தரங்குகளின் நிலை என்ன? ஐந்து மணித்துளிகளில் கட்டுரை வாசிக்கப்படுகிறது. வினா எழுப்ப நேரமில்லை. சான்றிதழும் ஆய்வுக்கோவையும் கைக்கு வந்ததும் அரங்கு கலைகிறது. தேநீர் வேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் கூறிய அரிய திருத்தம் எக்கோவையிலும் ஏறுவதில்லை. பெய்த மழையைத் தேக்கி வைப்பதாலன்றோ நம் புழல் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது? அரங்கில் பொழியும் கருத்துமழைக்கோ ஏரியில்லை.

வலைப்பதிவும் விக்கியும் அவ்வேரியாக அமையும் என்பது நம் துணிபு. விக்கி என்பது பலர் கூடி எழுதித் திருத்தும் இணையப் பக்கம். 1995இல் வார்டு கன்னிங்காம் இதனை உருவாக்கினார். ‘விரைவு’ எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லே இதன் பெயராயிற்று. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து வருகிறது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விக்கி அமைப்பிலேயே தொகுத்து வழங்குகிறது. 2010இல் கோவையில் நடைபெற்ற செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்க்கெனத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியும் நடத்தப்பெற்றது.

கருத்தரங்கிற்கு ஒரு திங்கள் முன்னரே ஆய்வுச் சுருக்கங்களை விக்கியில் இட்டால், கேட்போர் வினாக்களோடு வருவர். ஒவ்வோர் அமர்வின் சாரத்தையும் வினா விடைகளையும் மாணவர் இருவர் அன்றே வலைப்பதிவில் எழுதலாம். பின்னர்க் கிடைக்கும் திருத்தங்களை விக்கியில் சேர்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் இட்ட செய்தி மறுநாளே அடியில் அமிழ்ந்துவிடும். விக்கிப் பக்கமோ தேடுவோர்க்குக் கிட்டும்.

இதனால் பயன்பெறுவோர் யாவர்? பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் தாங்கவியலாத எண்ணூர், திருவொற்றியூர் மாணவர். வெளியூர் செல்ல இயலாத மாணவியர். மேலும் ஒன்று. 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா தொட்டு, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என நம் இலக்கியம் விரிகிறது. இவற்றின் அரபுத்தமிழ்ப் படியொன்று காயல்பட்டினத்திலோ கொழும்பிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் உறங்கக்கூடும். அவ்வீட்டார் நம் அரங்கிற்கு வாரார். ஆனால், நம் பக்கத்தைக் கண்டு ஒரு வரி எழுதக்கூடும்.

“எவரும் திருத்தலாமெனின் பிழை மலியாதோ?” என்பர். எப்போது, எது மாற்றப்பட்டது என்னும் வரலாற்றை விக்கி காத்து வைக்கும். தவறான மாற்றத்தை நீக்கிப் பழைய வடிவை மீட்கலாம். அச்சேறிய பிழைக்கு அவ்வாய்ப்பு உண்டா? கருத்துக் களவுக்கு அஞ்சுவோர்க்கும், நாளிட்ட பதிவே சான்றாக நிற்கும். பேசியவரின் இசைவு பெற்றே வெளியிடுதல் முறை.

நம் துறையின் அடுத்த கருத்தரங்கிலேயே இதனைத் தொடங்கலாம். செலவு சிறிது, வேண்டுவது மனமே. மூத்தோர் பிழை களைந்து வழிகாட்டுக, இளையோர் எழுதுக.