மரை கழண்டது வண்டிக்கா, நமக்கா?

போன வாரம் சென்னையிலேருந்து ஏற்காடு சுத்திப் பாக்க வந்த நண்பர் ஒருத்தர், அப்படியே மாரமங்கலம் வரைக்கும் வந்து நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சார். வாசல்ல நின்ன என் ஆம்னியைப் பாத்து விசாரிச்சார். "இதுக்கு ஒரு தடவை ஸ்பார்க் பிளக் மரை போச்சுங்க. சரி பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கேன்"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். "என்னங்க நீங்க? மரை போனா ஹெட்டையே மாத்தணும். இல்லாட்டி வண்டியை எடைக்குப் போட்டுடணும். ஒட்டுப் போட்ட எஞ்சினை வெச்சு மலையில ஓட்டலாமா?"ன்னு ஆரம்பிச்சுட்டார். விருந்தாளியா வந்தவர்கிட்ட சண்டை போட முடியல. அதனால இங்க போடுறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதல்ல கொஞ்சம். பெட்ரோல் எஞ்சின் ஹெட்டுல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு துளை, அதுக்குள்ள மரை. அதுலதான் பிளக்கைத் திருகி வைக்கிறது. ஆம்னிக்கும் மாருதி 800-க்கும் 796 சிசி எஞ்சின், மூணு சிலிண்டர், மூணு பிளக். பிளக்கோட உடம்பு இரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டும் மோதினா எது தோக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஹெட் வார்ப்பிரும்பு. முரட்டுக் கை வெச்சாலும் தாங்குச்சு. அதே கையை அப்படியே அலுமினியத்து மேல வெச்சதுதான் வினை.

என் வண்டிக்கு நடந்ததைச் சொல்றேன். சேலத்துல ஒரு பட்டறையில சர்வீசுக்கு விட்டேன். பேரு வேணாம். இருபது வயசுப் பையன் ஒருத்தன் புதுப் பிளக்கை சாக்கெட்டுல சொருகி, ராட்செட்டை மாட்டி, முதல் சுத்துலேருந்தே கிர்ரு கிர்ருன்னு முடுக்கினான். கையால ஒரு சுத்துகூட விடல. மூணாவது பிளக் கொஞ்சம் சாய்ஞ்சு ஏறுறது எனக்கே தெரிஞ்சுது. எஞ்சின் வேற ஆறல. பாத்துக்கிட்டு சும்மாதான் நின்னேன். தொழில் தெரிஞ்சவன்கிட்ட நாம என்ன சொல்றதுன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு இன்னைக்கும் என்னை நானே திட்டிக்கிறேன்.

பத்து நாள் கழிச்சு ராத்திரி ரெண்டு மணி. பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி கண்டுருச்சு. 108 மேல ஏறி வர்றதுக்குள்ள நாமளே பாதி தூரம் போயிரலாம்னு கிளம்பினோம். ஏற்காடு போற வழியில ஒரு ஏத்தம். ரெண்டாவது கியர்ல ஏறும்போது வெடி வெச்ச மாதிரி ஒரு சத்தம். ஆம்னிக்கு எஞ்சின் எங்க இருக்குன்னு தெரியுமில்ல? முன் சீட்டுக்கு அடியில. பிளக் மரையைப் பிச்சுக்கிட்டு வந்து மூடியில மோதிடுச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு பெட்ரோல் வாடை. நல்லவேளை, தீப்பிடிக்கல. அந்தப் பொண்ணைக் கீழ இறக்கி, குளிர்ல ரோட்டோரம் ஒரு போர்வையில உக்கார வெச்சிருந்தோம். காய்கறி ஏத்திக்கிட்டு இறங்கின ஒரு ஜீப்புக்காரர் ஏத்திக்கிட்டார். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த அரை மணி நேரத்தை மறக்க முடியல.

பட்டறைக்காரர் சொன்ன பதிலு: "பழைய வண்டி, அலுமினியம் அப்படித்தாங்க. ஹெட்டை மாத்திருங்க, கூலியோட பதினாலாயிரம் ஆகும்." இன்னொருத்தர் டெஃப்லான் டேப் சுத்தி வெச்சுடலாம்னார். தண்ணிக் குழாய்க்குச் சுத்துறதை, நெருப்பு வெடிக்கிற எடத்துக்கு! மூணாவது ஆளு எம்-சீல் அப்பலாம்னார். யாருக்கு மரை கழண்டிருக்குன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

கடைசியில ஒரு வயசான லேத்துக்காரர். ஹெட்டைக் கழட்டிக் கொண்டாங்கன்னார். தேய்ஞ்ச மரையை நேரா பெருசாக் கடைஞ்சு, புது டேப் போட்டு, அதுக்குள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள் ஒண்ணைத் திருகி உக்கார வெச்சார். ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஹெலிகாயில்னு பேரு. உள் பக்கம் பழையபடி 14 மில்லிமீட்டர் மரை. அவர் கூலி 850 ரூபா. கழட்டி மாட்டினது, கேஸ்கெட் எல்லாம் தனி. எல்லாம் சேத்தும் புது ஹெட்டுல பாதிகூட ஆகல.

ஒட்டுப் போட்டதுன்னு இளக்காரமாச் சொன்ன நண்பருக்கு ஒண்ணு சொல்றேன். சின்ன விமானங்கள்ல ஓடுற லைகமிங் எஞ்சின் இருக்கு பாருங்க, அதுல பிளக் துளைக்கு இதே கம்பிச் சுருளைக் கம்பெனியிலயே போட்டுத்தான் அனுப்புறான். அலுமினிய மரை அடிக்கடி கழட்டி மாட்டினா தாங்காதுன்னு தெரிஞ்சு, எஃகை உள்ள வெச்சுட்டான். ஆகாசத்துல பறக்கிறதுக்கு ஆகுமாம், ஏற்காட்டு ஏத்தத்துக்கு ஆகாதாம்!

தப்பு எஞ்சின் மேலயும் இருக்கலாமேன்னு கேப்பீங்க. இருக்கலாம்தான். 1990-கள் கடைசியில அமெரிக்காவுல ஃபோர்டு போட்ட சில வி8 எஞ்சின்கள்ல பிளக் பிச்சுக்கிட்டுப் பறந்தது. பிளக்கைப் பிடிக்க அதுல நாலஞ்சு சுத்து மரைதான். அது வடிவமைச்சவன் தப்பு. நம்ம பிளக்குக்கு 19 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 15 சுத்து. இதைப் பிடுங்கணும்னா மனுசன் கை வேணும்.

அந்தப் பையனை நான் குறை சொல்லல. நாளைக்கு எட்டு வண்டி முடிச்சாகணும்னு முதலாளி நிக்கிறார். சொல்லிக்குடுக்க ஆளில்லை. எங்க காப்பித் தோட்டத்துலயும் இதேதான். பழுத்ததாப் பாத்துப் பறிக்கிற கை ஒண்ணு. கிலோ கணக்குக் கூலின்னு கிளையோட உருவுற கை ஒண்ணு. உருவினவனுக்கு அன்னைக்குக் கூலி கூட. அடுத்த வருசம் அந்தக் கிளையில ஒண்ணும் இருக்காது.

வேலைன்னு பாத்தா இது ரெண்டு நிமிசம்தான். எஞ்சின் ஆறணும். பிளக் மேல் பீங்கான்ல ஒரு சாண் ரப்பர் பெட்ரோல் டியூப்பைச் சொருகி, அதைப் பிடிச்சுத் துளையில வைங்க. முதல்ல இடது பக்கமா மெதுவாத் திருப்பினா, மரை மரையோட சேர்ற எடத்துல 'டக்'குன்னு ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அப்புறம் வலது பக்கம். கோணலா ஏறினா டியூப்பே வழுக்கிடும், மரை தப்பிச்சுக்கும். கையால அடி வரைக்கும் போனப்புறம்தான் ஸ்பேனர். வாஷரோட வர்ற புதுப் பிளக்குன்னா அரைச் சுத்து. பழசையே திருப்பிப் போட்டா, கடிகாரத்துல ஒரு மணி நேரத்துக்குச் சின்ன முள்ளு நகர்ற அளவுதான். டார்க் ரெஞ்ச் வெச்சிருந்தா 25-லேருந்து 30 நியூட்டன் மீட்டர். இதைப் பட்டறையில பக்கத்துல நின்னு கேளுங்க. முறைச்சா வேற பட்டறை பாருங்க. "சார் ரொம்பப் பேசுறார்"னு சொல்லிட்டுப் போகட்டும்.

என் வண்டி அந்தச் சுருளோட நாலு வருசமா ஓடுது. மிளகு மூட்டையோட சேலத்துக்கு எத்தனை தடவை இறங்கி ஏறியிருக்கும்னு கணக்கில்ல, இருபது கொண்டை ஊசியும் அதுக்குப் பழக்கம்.

நண்பர் கிளம்பும்போது அவர் பெட்ரோல் காருக்குக் கடைசியா எப்ப பிளக் மாத்தினாங்கன்னு கேட்டேன். "சர்வீஸ்ல பாத்துப்பாங்க"ன்னார். சரி, பானட்டைத் திறங்க, பாத்துடலாம்னேன். ஸ்டீயரிங்குக்குக் கீழ ரெண்டு பக்கமும் தடவினார். அப்புறம் சம்சாரத்தைக் கூப்பிட்டு, டேஷ்போர்டுல இருக்கிற புஸ்தகத்தை எடுக்கச் சொன்னார்.