கத்தி வெச்சா அழற்சி கூடும்னு பயமுறுத்துறவங்க கவனத்துக்கு

"டாக்டர், ஏற்கனவே குடல் முழுக்க புண்ணு. இதுல கத்தி வேற வெச்சா அழற்சி இன்னும் ஏறும்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. நிஜமா?"

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறவங்க வீட்டுல இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. அந்த ஃபார்வர்டுல பாதி உண்மை. முழுப் பொய்யா இருந்தா இவ்வளவு பேரு நம்ப மாட்டாங்க.

ஆமாங்க, ஆபரேஷன் பண்ணா அழற்சி ஏறும். ஏறத்தான் செய்யணும். அறுத்த சில மணி நேரத்துலயே இன்டர்லூகின்-6 ரத்தத்துல கூடும். அது கல்லீரலுக்குத் தகவல் சொல்லும், கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அள்ளிக் கொட்டும். வழக்கமா 10-க்குள்ள இருக்கிற சி.ஆர்.பி., குடலை வெட்டி இணைச்ச 2-வது, 3-வது நாள்ல 100-ஐத் தாண்டுறது சகஜம். கூடவே லேசான காய்ச்சல், அசதி, பசியின்மை. வெட்டின இடம் கூடணும்னா உடம்பு இந்த வேலையைப் பார்த்துதான் ஆகணும்.

ஆனா இதுக்கு ஒரு முடிவு இருக்கு. தூண்டுதல் நின்னதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை சி.ஆர்.பி. பாதியாகும். உங்க குடல் நோயோட அழற்சிக்கு அப்படி முடிவு இருக்கா? வருஷக்கணக்கா எரியும். குடல் சுருங்கும், ஓட்டை விழும், சீழ் கட்டும், உடம்பு கரையும். அடுப்புல எரியுற தீயும் கூரையில பிடிச்ச தீயும் ஒண்ணா?

2017-ல வெளியான லிரிக் ஆய்வு நெதர்லாந்துலயும் பிரிட்டன்லயும் நடந்தது. சிறுகுடலோட கடைசிப் பகுதியில மட்டும் க்ரோன்ஸ் இருந்து, வழக்கமான மருந்துக்கு அடங்காதவங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், இன்னொரு பக்கம் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு தரப்போட வாழ்க்கைத் தரத்துலயும் பெரிய வித்தியாசம் இல்ல. க்ரோன்ஸ் திரும்ப வரலாம், ஆபரேஷன் அதை வேரோட பிடுங்காது. அதுக்காக ஆபரேஷனைப் பூச்சாண்டி ஆக்கணுமா?

எங்க ஆட்களையும் விட மாட்டேன். "முடிஞ்ச வரைக்கும் மருந்துலயே ஓட்டுவோம், சர்ஜரி கடைசி கட்டம்" என்கிற பேச்சு எங்ககிட்ட இருந்துதான் கிளம்புது. பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ 6 வாரத்துக்கு மேல போனா, ஆபரேஷனுக்கு அப்புறம் தொற்று, தையல் கசிவு எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடும். ஆல்புமின் விழுந்து, எலும்பும் தோலுமா ஆனப்புறம் தியேட்டருக்கு அனுப்பினா, அந்த உடம்பு எந்த பலத்துல அழற்சியைத் தாங்கும்? கடைசியில பழி மட்டும் கத்தி மேல. தள்ளிப்போட்டவர் பேரு எங்கயும் வராது.

சரி, ஆபரேஷன் ஆயிடுச்சு. லேப் ரிப்போர்ட் போன்ல வருது, சி.ஆர்.பி. பக்கத்துல சிவப்பு எழுத்து. உடனே சொந்தக்காரங்க குரூப்புல போட்டு, "ஆன்டிபயாடிக்கை மாத்தச் சொல்லு"ன்னு சண்டை. 2-வது நாள் நம்பரை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, தினமும் எப்படிப் போகுதுன்னு பாருங்க. 3, 4 நாள் ஆகியும் இறங்காம 150-ஐத் தாண்டியே நிக்குது, நாடித்துடிப்பு ஏறுது, வயிறு உப்பி வலி கூடுது, இப்படின்னா இணைச்ச இடத்துல கசிவு இருக்கான்னு தேடியே ஆகணும். ஸ்கேன் வேணுமான்னு அப்பவே கேளுங்க.

ஸ்டீராய்டு எடுத்துட்டு இருந்தவங்களுக்குக் காய்ச்சலும் வலியும் அமுங்கி இருக்கலாம், அதனால "காய்ச்சல்தான் இல்லையே"ன்னு சும்மா இருந்துடாதீங்க. அந்த மாத்திரையை உங்க இஷ்டத்துக்கு திடீர்னு நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். எப்படிக் குறைக்கணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல தேதியோட எழுதி வாங்கிக்கோங்க.