நூலகத்திற்கு நண்பர் யார்?

"வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? அதற்குமேல் நன்கொடை எதற்கு?"

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தார் ரசீதுப் புத்தகத்துடன் கடைவீதியில் இறங்கும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. எங்கள் பெற்றோரில் சிலரும் இதையே கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலகத்திற்கென்று நாம் செலுத்துவது உண்மைதான். ஆனால் அந்தப் பத்துக் காசு எப்படி வந்தது, எங்கே போகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தால் நன்கொடை கேட்பவர்மீது கோபம் வராது என்பது எங்கள் கருத்து.

1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் முதன்முதலில் பிறந்தது இங்கேதான். அது தானாகப் பிறந்துவிடவில்லை. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதனும், 1928-இல் அமைந்த சென்னை நூலகச் சங்கத்தாரும் இருபது ஆண்டுகள் விடாமல் தட்டிய பிறகே அந்தக் கதவு திறந்தது. இடையில் 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியிலேயே நூலகம் அமைத்துச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தார். சட்டமும் இல்லை, வரியும் இல்லை; வண்டி மட்டும் ஓடியது! ஆகவே, நூலக வரியே தொண்டர்கள் பெற்றுத் தந்த பிள்ளை. "வரி இருக்கும்போது தொண்டர் எதற்கு?" என்பது, "பிள்ளை இருக்கும்போது தாய் எதற்கு?" என்று கேட்பதைப் போன்றது அல்லவா?

இனி, பணம் போகும் வழி. வரியை வசூலிக்கும் உள்ளாட்சி மன்றம் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்குச் செலுத்துகிறது. ஊதியமும் வாடகையும் மின்கட்டணமும் நாளிதழ்களும் அதிலிருந்தே. புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது சென்னையில். தமிழ்நாட்டின் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு இப்படித்தான் நடத்த முடியும் என்பது எங்களுக்கும் விளங்குகிறது. ஆயினும், சனிக்கிழமை கதை சொல்ல வரும் பாட்டிக்கு ஒரு குவளை மோர், ஓவியப் போட்டிக்கு வண்ணப் பென்சில், வென்ற சிறுமிக்கு ஒரு சிறிய புத்தகம் ஆகியவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? நூலகர் எங்களிடம் சிரித்துக்கொண்டே கூறினார்: "கட்டடம் அரசாங்கம் தரும், கலகலப்பை நீங்கள்தான் தர வேண்டும்."

கலகலப்பு மட்டுமன்று. எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு நூலகத்தின் உள்ளே ஓர் இடம் கிடைத்ததும் வாசகர் வட்டத்தால்தான். முன்பெல்லாம் ஒரே ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றி நாளிதழ் படிக்கும் ஆண்கள். "அங்கே போய் நீ எப்படி உட்காருவாய்?" என்று வீட்டில் தடுத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், தையற்கடை அக்கா, ஜவுளிக்கடைக் கணக்கர் ஆகியோர் வீடு வீடாக ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து, ஒரு மரத்தடுப்பும் இரண்டு பெஞ்சுகளும் வாங்கிப் போட்டனர். இன்று சனிக்கிழமைகளில் அந்தப் பெஞ்சுகளில் இடம் பிடிக்க நாங்கள் ஓட வேண்டியிருக்கிறது. சில பாட்டிமார்கூட வார இதழ் படிக்க வந்துவிடுகின்றனர்.

சிறுதொகைகள் சேர்ந்து எவ்வளவு பெரிய காரியம் ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1933-இல் அங்கே க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் குழுவாகக் கூடி, வாடகை அறை ஒன்றில் 844 நூல்களுடன் நூலகத்தைத் திறந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு நகர சபை அதைப் பொறுப்பேற்றது. தொண்டர் தொடங்க, ஆட்சி மன்றம் தொடர்ந்தது! அத்துடன் தொண்டர்கள் விலகிக்கொள்ளவும் இல்லை. பெரிய கட்டடம் வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது, களியாட்ட விழா நடத்தியும் சீட்டு விற்றும் பணம் திரட்டினார்கள். அந்த முயற்சியில் முன் நின்றவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார். கடல் கடந்து வந்த ஒரு குருவானவர் தமிழ் நூல்களுக்கு வீடு கட்டக் கையேந்தினார் என்பதை நம் பள்ளி மலரில் எழுதுவது எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. நம் ரங்கநாதனின் ஆலோசனையும் அந்நூலகத்திற்குக் கிடைத்தது. 1959-ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டடம் திறக்கப்பட்டது. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அதை எரித்தார்கள். பிற்காலத்தில் அது மீண்டும் எழுந்தது. அடிகளாரின் சிலை இன்றும் அங்கே நிற்கிறது. எரிந்தபோது அந்த ஊரே ஏன் அப்படி அழுதது? தங்கள் கைக்காசு அதன் ஒவ்வொரு சுவரிலும் இருந்தது என்பதும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். வரி கட்டிய கட்டடத்தை மக்கள் பயன்படுத்துவார்கள்; தாங்கள் சேர்ந்து கட்டியதைக் காவல் காப்பார்கள்.

எல்லா நன்கொடையையும் நாங்கள் புகழ்ந்துவிடவில்லை. ஒரு டியூப் லைட்டைக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வெளிவராதபடி அதன்மேல் "உபயம்" எழுதுபவர்களும் உண்டு. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. தொண்டர் தருகிறார்கள் என்று ஆட்சியாளர் கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வசூலித்த நூலக வரியை நூலகத்திற்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கும் உள்ளாட்சி மன்றங்கள் பல உண்டென்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அந்தப் பள்ளத்தை வாசகர் வட்டத்தின் ஐம்பது ரூபாய்ச் சீட்டுகளால் நிரப்ப முடியாது; நிரப்பவும் கூடாது. நிலுவையைக் கேட்டு மனுக் கொடுப்பதும் நண்பர்களின் வேலையே. கடைவீதி உள்ள ஊருக்குப் புரவலர் கிடைப்பார்கள். ஒற்றை அறையில் இயங்கும் பகுதிநேர நூலகத்திற்கு யார் கிடைப்பார்? எங்கள் ஊர் வட்டம் திரட்டுவதில் ஒரு பங்கை அருகிலுள்ள கிராம நூலகத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கணக்கர் ஐயா இன்னும் தலையசைக்கவில்லை.

பணம் இல்லாதவர்களும் நண்பராகலாம். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'நூலக நண்பர்கள்' திட்டத்தில், நூலகம் வர இயலாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டிற்கே நூல் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். மேல்நாடுகளில் நூலக நண்பர் குழுக்கள் பழைய நூல்களை விற்றுச் சிறுவர் நிகழ்ச்சிகளுக்குச் செலவிடுகின்றனவாம். இது நமக்கு ஏற்ற வழி என்றே தோன்றுகிறது. ஏனெனில் நம் வீட்டுப் பரண்களில் நூல்களுக்கா பஞ்சம்?

ஆயிரம் ரூபாய் செலுத்தினால் நூலகப் புரவலர் ஆகலாம். எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்றால் 1,075 ஆகிறது. தலைமைச் சகோதரி அனுமதி தந்துவிட்டார்கள். எஞ்சும் எழுபத்தைந்து ரூபாய்க்கு வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுப்போம். வரவு செலவுக் கணக்கை வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்; பெற்றோர் எவரும் வந்து பார்க்கலாம். கோடை விடுமுறைக்கு முன் பழைய நூல் விற்பனையும் நடைபெறும். கதை, வரலாறு, சமையல், எதுவாயினும் எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் சேர்ப்பித்துவிடுங்கள். பழைய பாடப் புத்தகங்கள் மட்டும் வேண்டாம். அவை ஏற்கெனவே மூன்று மூட்டை சேர்ந்துவிட்டன.