அபராதம் போதாது!

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகத்தில் உள்ள குடியிருப்புகள் ஏராளம். அங்கே சிலர் தம் வீட்டைக் கேளிக்கைக்கென்றே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். விடிய விடியக் கூத்து! விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டிய அண்டை வீட்டாருக்கு உறக்கமில்லை. சங்கம் அபராதம் விதிக்கிறது. வீட்டுக்காரருக்கு அது வியாபாரச் செலவு. வாடகையிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறார்.

இது வெறும் இரைச்சல் பிரச்னையா? 2019 அக்டோபர் 31 இரவு, கலிபோர்னியாவின் ஒரிண்டா நகரில், இப்படி வாடகைக்கு எடுத்த வீட்டு விருந்தில் துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் பலி. அதன் பிறகே ஏர்பிஎன்பி கம்பெனி கேளிக்கை வீடுகளுக்குத் தடை அறிவித்தது. பிணம் விழும்வரை காத்திருப்பதா?

குடியிருப்போர் ஒன்றுகூட வேண்டும். தேதி, நேரம் குறித்து எழுத்தில் புகார் தரவேண்டும். மாநிலச் சட்டம் இடம் தரும் அளவுக்கு, நாள் வாடகையைக் கட்டுப்படுத்தும் விதியை வாக்கெடுப்பில் நிறைவேற்ற வேண்டும். மீறினால் கோர்ட்டு!

ஒரு எச்சரிக்கை. கறுப்பின மக்களுக்கு வீடு விற்காதே என்ற ஒப்பந்தங்களும் இத்தகைய குடியிருப்புகளில் இருந்தவையே. கோர்ட்டுகள் அவற்றை அமலாக்கக் கூடாதென 1948இல்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விதி மனிதனின் நிறத்தைப் பார்க்கலாகாது. லாபத்துக்காக ஊர் உறக்கத்தை விற்பவனையே பிடிக்க வேண்டும்.